குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

தவசிமுத்துவுக்கு ஈரல் வீங்கிவிட்டது என்கிற செய்தி, அவர் ராஜபாளையத்து பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே மம்சாபுரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. கூடப் போயிருந்த மச்சினன் மலைச்சாமி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நாலைந்து பேருக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தான். அவன் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். பஸ்ஸில் இருந்ததில் பாதிப் பேர் மம்சாபுரத்துக்காரர்கள்.

வெள்ளைத்தாய்க்கு அது தொழுவத்தில் வைத்துத் தெரிந்தது. செவலைப்பசு அன்றைக்கென்று பார்த்துக் கன்று ஈன்றிருந்தது. அதனால்தான் புருசனோடு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் அண்ணன்காரனை அனுப்பிவைத்தாள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று வைக்கோலில் குத்தவைத்துக் காத்திருந்தவளிடம் பக்கத்து வீட்டுக் கருத்தம்மா வந்து நின்றாள்.

"மதினி, அண்ணனுக்கு ஈரல் வீங்கிட்டாம்ல."

"யாரு சொன்னா?"

"கடையில பேசிக்கிடுதாவ. எம்புட்டு நாளா மதினி?"

"என்னது எம்புட்டு நாளா?"

கருத்தம்மா கட்டைவிரலை மட்டும் உதட்டுப்பக்கம் கொண்டுபோய்ச் சரித்துக் காட்டினாள்.

வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவசிமுத்து கல்யாண வீட்டில் கலர் சோடா கொடுத்தால்கூட பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். இருமல் டானிக்கில் சாராயம் கலக்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து இருமலை இருமியே தீர்க்கிற மனிதர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நவநீதகிருஷ்ணனின் பால்கோவாக் கடையில் துடுப்புப் பிடிக்கத் தொடங்கி அவருக்குத் தலை நரைத்துவிட்டது. விடிந்ததும் விறகடுப்புக்கு முன்னால் நின்றால், பால் சுண்டிச் சுருண்டு சட்டியை விட்டு விலகும் வரைக்கும் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடிபிடிக்கும். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், இறக்கின பிறகு துடுப்பை நக்கிப் பார்ப்பதுதான். இவள் கறக்கிற பாலும் அந்தச் சட்டிக்குத்தான் போகும்.

சித்திரையிலிருந்தே ஆள் சோர்ந்து கிடந்தார். துடுப்பைப் பிடித்தபடியே கொட்டாவி விட்டார். மூட்டு வலி என்றார், வாய் கசக்கிறது என்றார். ஒருநாள் முகம் கழுவும்போது கண் இரண்டும் பழுத்த எலுமிச்சம்பழமாக இருந்தது. மஞ்சள்காமாலைதானே என்று வெள்ளைத்தாய் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் சோறு போட்டாள். மஞ்சள் இறங்கவில்லை. ராஜபாளையத்தில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், காமாலைக் கிருமி ஒன்றுகூட இல்லை என்றார்கள். மதுரைக்கு அனுப்பி ஈரலில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவைக் கேட்கத்தான் அன்றைக்கு இரண்டு பேரும் போயிருந்தார்கள்.

வந்ததும் மலைச்சாமிதான் முதலில் பேசினான். "டாக்டரம்மா எடுத்த எடுப்புல, 'குடிப்பீங்களா'ன்னு கேட்டாவ. இவரு இல்லங்காரு. செத்த நேரங்கழிச்சுத் திரும்பவும் கேக்காவ, 'கொஞ்சங்கூடக் கெடையாதா'ன்னு. ஒண்ணும் இல்லாமயா ஒரு டாக்டரு ரெண்டு வாட்டி கேப்பாவ?"

"நீங்க சொல்லுங்க," என்றாள் வெள்ளைத்தாய் புருசனைப் பார்த்து.

தவசிமுத்து நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அன்றைக்கு ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார். "என் ஒடம்புக்கு என் ஈரலைப் பிடிக்கலையாம்ட்டி."

"என்னது?"

"ஒடம்பே அதைப் போட்டு அடிக்காம். அதான் வீங்கிட்டு."

"ஒங்க ஒடம்புக்குள்ள இருக்க ஈரலு, ஒங்க ஒடம்புக்கே எப்படிப் பிடிக்காமப் போகும்?"

"அதான் எனக்கும் வெளங்கல. ஆனா அவிய அப்படித்தான் சொன்னாவ."

மலைச்சாமி தங்கச்சியைப் பார்த்து ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டினான். குடி விஷயத்தில் அவன் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. இருபது வருசமாக நாள் தவறாமல் குடிக்கிறவன். குடியை விடுகிறேன் என்று கோயிலில் கயிறு கட்டி, மூன்று தடவை அறுத்தும் இருக்கிறான். அவன் சொன்னான்: "நானும் ஒங்க மதினிகிட்ட எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன் தாயி. இந்த மாதிரி ஒரு பொய் எனக்குத் தோணவே இல்ல."

அப்போதைக்கு வெள்ளைத்தாய் அண்ணனைத் திட்டி அனுப்பினாள். ஆனால் அவன் போட்டுவிட்டுப் போன விதை முளைத்தது, காரணம் மாத்திரை.

தினமும் காலையில் சாப்பிட்ட கையோடு போடச் சொல்லி ஒரு குத்து வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். பத்து நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது. இறங்கினதோடு நிற்காமல் மனிதரே மாறிப்போனார். முதலில் பசி, அது மாத்திரை தொடங்கின இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஏழு இட்லியைத் தின்றுவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தார். கருவாட்டுக் குழம்பு வைத்தால் கொதிக்கும்போதே தட்டோடு வந்து உட்கார்ந்தார். தெருவுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அவித்து வைத்த சீம்பாலில், இவள் தொழுவத்தைக் கூட்டிவிட்டு வருவதற்குள் அரைச் சட்டி காணாமல் போயிருந்தது. இனிப்பைக் குறையுங்கள், இந்த மாத்திரைக்குச் சர்க்கரை ஏறும் என்று டாக்டரம்மா சொன்னதாக அவர்தான் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுத்தான் தின்றார்.

அப்புறம் தூக்கம் போனது. கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து தொழுவத்தைக் கழுவினார். வெள்ளைத்தாய் அதற்காகச் சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் கழுவும்போது பசுவிடம் பேசினார். பஞ்சாயத்துத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று செவலைப்பசுவுக்கு விளக்கமாகச் சொன்னார். வேலைக்குப் போகும்போது வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தார். கை லேசாக நடுங்கியது. கன்னம் இரண்டும் உப்பிச் சிவந்து, முகம் வட்டத்தட்டு மாதிரி ஆகிப்போனது.

பேச்சு, சிரிப்பு, நடுக்கம், சிவந்த முகம். இதெல்லாம் எந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று மம்சாபுரத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளைத்தாய் மோப்பம் பிடிக்கத் தொடங்கினாள். பால் திரியப்போவதைத் திரிவதற்கு முன்பே சொல்லிவிடுகிற மூக்கு அவளுடையது. அவர் வேலை முடிந்து வந்ததும் ஏதோ சொல்ல வருவது போல முகத்துக்குக் கிட்டப் போய் மூச்சை இழுத்தாள். பால் வாடையும் புகை வாடையும்தான் வந்தது. வைக்கோல் படப்பை உருவிப் பார்த்தாள். தவிட்டுப்பானைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு பாட்டிலும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இப்போது, இந்த மனிதர் இவ்வளவு சாமர்த்தியசாலியா என்று பயம் வந்துவிட்டது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. குடி என்றால் அவளுக்குத் தெரிந்த நோய். திட்டலாம், சோறு போடாமல் இருக்கலாம், கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போகலாம். உடம்பு தன் ஈரலைத் தானே அடிக்கிறது என்றால் யாரைப் போய்த் திட்டுவது? அதனால் குடிதான் என்று முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்ததோடு விடாமல், கடை வண்டிக்குப் பால் ஊற்றுகிற இடத்தில் நின்று, இந்த வயசில் எனக்கு இப்படி ஒரு கேடா என்று மூக்கைச் சிந்திவிட்டாள். கேனை வைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள்.

"அப்பவே நெனைச்சேன் மதினி," என்றாள் கருத்தம்மா. "அண்ணன் நேத்து என்னைய நிப்பாட்டி, பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போறானான்னு கேட்டாரு. இத்தனை வருசத்துல அவரு என்கிட்டப் பேசுனதே அதான் முதத் தடவ."

ஆவணி பிறந்ததும் மலைச்சாமி வந்து நாள் குறித்தான். மலையடிவாரத்தில் ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. குடியை விடுகிறவர்கள் அங்கே போய்ச் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வார்கள். மலைச்சாமிக்கு அங்கே நல்ல பழக்கம்.

தவசிமுத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டார். மாத்திரையினால் வருகிறது என்று டாக்டரம்மா சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். பழைய தவசிமுத்து சொல்லியிருந்தால் வெள்ளைத்தாய் நம்பியிருப்பாள். இவ்வளவு பேச்சுப் பேசினதாலேயே நம்பவில்லை.

கடைசியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரிட்டி, வா. கட்டிக்கிட்டா ஒனக்கு மனசு ஆறும்னா கட்டிக்கிடுதேன். விடுததுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல, எனக்கு என்ன நட்டம்?"

கோயிலில் நல்ல கூட்டம். மலையிலிருந்து சாரல் இறங்கி, நின்றவர்கள் எல்லாரும் நனைந்த கோழியாக நின்றார்கள். பூசாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"எத்தன வருசப் பழக்கம்?"

"பழக்கமே கெடையாது சாமி," என்றார் தவசிமுத்து.

பூசாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்க வாரவன் பூராப் பேரும் முதல்ல அதைத்தான் சொல்லுவான். சாமிகிட்ட மறைக்கப்பிடாது."

பின்னால் நின்ற ஆள் தவசிமுத்துவின் முதுகைத் தொட்டான். "அண்ணாச்சி, ஒத்துக்கிட்டா சட்டுன்னு முடிஞ்சிரும். போன தடவ நான் ஒத்துக்கிடாம நின்னு கடைசி பஸ்ஸ விட்டுட்டேன்."

தவசிமுத்து யோசித்தார். மழை வலுத்தது. "சரி சாமி. குடிச்சேன்."

"நாளைக்கு எம்புட்டு?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை. மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஏதோ முணுமுணுத்தான், மழையில் கேட்கவில்லை. வாழ்நாள் எல்லாம் பாலை அளந்த மனிதர், தெரிந்த அளவைச் சொன்னார். "ஒரு ரெண்டு லிட்டரு இருக்கும்."

பூசாரி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வரிசையே எட்டிப் பார்த்தது. மலைச்சாமியின் முகத்தில் மரியாதை தெரிந்தது. அந்த இடத்திலாவது வெள்ளைத்தாய்க்கு உறைத்திருக்க வேண்டும். அவளோ தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பூசாரி சொன்னார்: "இது கையில இருக்கமட்டும் போதைச் சாமான் எதுவும் தொண்டைக்குள்ள எறங்கப்பிடாது. மீறுனா ரத்தம் கக்கணும்."

திரும்பி வரும்போது மலைச்சாமி ஆரம்பித்தான். "தாயி, போதைன்னா பாட்டில் மட்டுந்தானா? அந்த மாத்திரை?"

"அது மருந்துல்லா."

"மருந்துதான். அதைப் போட்டா தூக்கம் வரல, வாய் மூடல, கை நடுங்குது, மொகம் செவந்து போகுது. அதுக்குப் பேரு என்ன? இவருதான் சொல்லுதாரே, எல்லாம் மாத்திரையாலதான்னு. கயிறும் கையில, மாத்திரையும் வாயிலன்னா சாமி சும்மா இருக்குமா?"

ரத்தம் கக்கணும் என்கிற சொல் வெள்ளைத்தாயின் காதிலேயே நின்றது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளைத் திரட்டிப் பருத்திக்கொட்டை மூட்டைக்குள் செருகிவிட்டாள். மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினவரிடம் இல்லை என்றாள்.

"ஏட்டி, வெளையாடாத. அதைச் சட்டுன்னு நிப்பாட்டப்பிடாதுன்னு டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புனாவ."

"நிப்பாட்டலன்னா ரத்தம் கக்கணும்னு சாமி சொல்லுது."

"நான் குடிக்கவே இல்லட்டி."

"ரெண்டு லிட்டருன்னு சாமி முன்னால சொன்னது யாரு?"

அவர் வீட்டுக்குள் தேடிப் பார்த்திருக்கலாம், கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் பால் காசிலிருந்து பனியன் வரைக்கும் வெள்ளைத்தாய் வைத்த இடத்தில்தான் இருக்கும், அவள் எடுத்துக் கொடுத்தால்தான் கைக்கு வரும். இத்தனை வருசம் அப்படியே நடந்ததில் அவருக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. அதோடு, அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

முதல் சில நாட்கள் வெள்ளைத்தாய்க்கு ஒரே நிம்மதி. பேச்சு நின்றது. பசி அடங்கியது. நாலு வார்த்தைத் தவசிமுத்து திரும்பி வந்துவிட்டார் என்று பால் ஊற்றுகிற இடத்தில் சொல்லிச் சந்தோசப்பட்டாள். கயிற்றுக்கு இருக்கிற சக்தியைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்த நாலு வார்த்தையும் பிறகு இரண்டாகி, இரண்டும் இல்லாமல் போனதை அவள் கவனிக்கவில்லை. கூழைக் கரைத்துக் கொடுத்தால் வாந்தி எடுத்தார். உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தார். குடியை விட்டால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று மலைச்சாமி தைரியம் சொன்னான். தன் அனுபவத்தைத்தான் சொன்னான், பொய் இல்லை.

ஒருநாள் காலையில் நவநீதகிருஷ்ணன் கடைப் பால் வண்டி தெருவுக்குள் வந்தது. வழக்கமாகப் பால் எடுக்க வருகிற நேரம் இல்லை. பின்னால் கேன்களுக்கு நடுவில் சாக்கை விரித்துத் தவசிமுத்துவைப் படுக்கவைத்திருந்தார்கள். கண் முழுக்க மஞ்சள்.

"கிண்டிக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சிட்டாரும்மா," என்றார் நவநீதகிருஷ்ணன். "நல்ல வேளை அடுப்புப் பக்கம் விழல. ஏறுங்க, ராஜபாளையம் போயிருவோம்."

வெள்ளைத்தாய் மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்த தண்ணீர் வாளியைக் கீழே போட்டாள். ஏறப்போனவள் திரும்பி ஓடி, பருத்திக்கொட்டை மூட்டையைத் தலைகீழாகக் கொட்டி அட்டைகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். வழியில் ஒருதரம் தவசிமுத்து கண்ணைத் திறந்தார். "பாலு அடிபிடிச்சிரும்," என்று முனகிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன் என்று அவள் வாய்விட்டே அழுதாள்.

டாக்டரம்மா சத்யப்பிரியாவுக்குச் சின்ன வயசு, சத்தமில்லாத பேச்சு. ஆனால் பருத்திக்கொட்டை ஒட்டியிருந்த மாத்திரை அட்டைகளை மேசையில் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் இறுகிவிட்டது. முதலில் நரம்பில் ஊசி மருந்தை ஏற்ற வைத்துவிட்டு, பிறகு வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். செய்தி கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்திருந்த மலைச்சாமியும் கூடவே நின்றான்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

வெள்ளைத்தாய் கயிற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை.

"அம்மா, இதுக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்ல. ஈரல் வீங்கினா யாரா இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆகணும், ரெண்டு தடவை கேட்டுத்தான் ஆகணும். குடியா இருக்குமோ, கிருமியா இருக்குமோன்னு ஒண்ணொண்ணா இல்லன்னு ஆன பிறகுதான் ரத்தத்தையும் ஈரல் துணுக்கையும் பாத்து இதுதான்னு முடிவு பண்ணுனோம். ராஜபாளையம் நாய் பாத்திருக்கீங்கல்ல?"

"பாக்காம என்ன டாக்டரம்மா?"

"நம்ம உடம்புல அந்த மாதிரி ஒரு காவல் இருக்கு. வெளியே இருந்து கிருமி வந்தா கடிச்சுத் துரத்தும். சில பேருக்கு, ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல, அதுக்கு வீட்டு ஆள் யாரு, திருடன் யாருன்னு புரியாமப் போயிடும். இவர் உடம்புல அது ஈரலைத் திருடன்னு நெனச்சுக் கடிக்குது."

"அவரு குடிக்காமயே?"

"சொட்டுக்கூடக் குடிக்காமயே. அவர் எந்தத் தப்பும் பண்ணல."

வெள்ளைத்தாய் கேட்டாள். "அந்த நாயை அடிச்சு வெரட்டிட்டா என்ன?"

"விரட்டிட்டா நெசமான திருடன் வந்துருவான். சாதாரணக் காய்ச்சல்கூடப் பெருசாயிடும். அதனால கட்டித்தான் போடணும். இந்த மாத்திரைதான் சங்கிலி. முதல்ல இறுக்கிக் கட்டுறோம். அப்புறம் ரத்தத்தைப் பாத்துப் பாத்து கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்தி, முகம் உப்பாத வேற மாத்திரைக்கு மாத்துவோம். வருசக்கணக்காப் போடணும், சில பேருக்கு ஆயுசு பூரா. நீங்க ஒரே நாள்ல அவுத்து விட்டுட்டீங்க. போதாததுக்கு, மாத்திரையைப் பழகின உடம்பு சட்டுன்னு நிறுத்தினா சுருண்டு விழுந்துடும். அதான் தலைசுத்தல், வாந்தி."

"அப்ப அந்தப் பேச்சு? சிரிப்பு?"

"மாத்திரைதான். பசி, தூக்கமின்மை, உப்பின முகம் எல்லாமே. குறைக்கக் குறைக்கச் சரியாயிடும். சர்க்கரையையும் எலும்பையும் நாங்க பாத்துக்குவோம். கீழாநெல்லி, நாட்டு மருந்துன்னு எதுவும் என்னைக் கேக்காமக் குடுக்காதீங்க. ஆனா இந்த மாதிரி இன்னொரு தடவை நிறுத்தினா ஈரல் சுருங்கிப் போயிடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

மலைச்சாமி தொண்டையைச் செருமினான். "டாக்டரம்மா, எனக்கும் ஒரு எட்டு பாத்துருங்களேன்."

பார்த்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. இருபது வருசமாக ஊறப்போட்ட ஈரலில் இன்றைய தேதிக்குப் பெரிய கோளாறு இல்லை, நாளைக்கு இப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. மலைச்சாமி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். வெள்ளைத்தாய் கடவுளை நினைத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடவுளிடம் கோபித்துக்கொள்ள இது நேரமில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புருசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் என்று டாக்டரம்மா சொன்னது ஈரலைக் கடித்ததைத்தானா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து வந்து போனது. இருபத்தெட்டு வருசம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரைத் திருடன் என்று நினைத்துப் படப்பையும் தவிட்டுப்பானையையும் துழாவியவள் யார்? நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

ஊசி மருந்தை முடித்து நர்ஸ் மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு, தவசிமுத்து எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. வெள்ளைத்தாய்க்குக் கை நின்றுவிட்டது. டாக்டரம்மா சொன்ன அத்தனையும் புரிந்திருந்தது. ஆனாலும் கருப்பசாமி கருப்பசாமிதான். நாலு எட்டில் மலையிலிருந்து இறங்கிவிடுகிற தெய்வம்.

"இருந்தா இருக்கட்டும்மா, கயிறு ஒண்ணும் செய்யாது," என்றாள் நர்ஸ்.

வெள்ளைத்தாய் கேட்கவில்லை. கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் விரலை விட்டு இழுத்தாள், அறவில்லை. கத்தி எதுவும் கிட்டத்தில் இல்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்த கயிற்றைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, மலைப்பக்கம் பார்த்துச் சொன்னாள். "கட்டச் சொன்னவ நான். அறுத்தவளும் நான். ரத்தம் கக்க வைக்கணும்னா என்னைய வையி. இவரு ஒண்ணும் செய்யல."

பிறகு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரைக் கொடுத்தாள். அன்று முழுக்கத் தனக்கு ரத்தம் வருகிறதா என்று அடிக்கடி காறித் துப்பிப் பார்த்தாள். நர்ஸ் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். ராஜபாளையம் சந்தைக்கு வந்த மம்சாபுரத்து ஆட்கள் பாதிப் பேர். முன் சீட்டில் கருத்தம்மா. அவள் திரும்பினதும் முதலில் பார்த்தது தவசிமுத்துவின் வெறும் மணிக்கட்டைத்தான்.

"மதினி," என்றாள் மெதுவாக, "கயிறு எங்க? திரும்ப ஆரம்பிச்சிட்டாரா?"

வெள்ளைத்தாய் எழுந்து நின்றாள். பேசினால் பின் சீட்டு வரைக்கும் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பேசினாள். "எம் புருசன் ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்ல. பாலு ஊத்துற எடத்துல நான் சொன்னது பூராவும் பொய்யி. ஒடம்புக்குள்ள இருக்க காவலு ஆள் தெரியாம ஈரலைக் கடிக்குது. அதுதான் நோயி. மொகம் உப்புனதும் வாய் பேசுனதும் மருந்தால. அறியாம அந்த மருந்தை நான் நிப்பாட்டிச் சாகக் குடுக்கப் பாத்தேன். கயிற நான்தான் அறுத்தேன். டாக்டரம்மா சொன்னது இது."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். கருத்தம்மாவின் கண் கலங்கியது. எட்டி வெள்ளைத்தாயின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"ஒக்காருங்க மதினி. புருசன விட்டுக் குடுக்க முடியுமா? எங்க வீட்டுல உள்ளவருக்காக நானும் இந்த மாதிரி எத்தனை சொல்லியிருப்பேன்."

பஸ் முழுக்கத் தலையாட்டியது. பின்னாலிருந்து யாரோ, தங்கமான பொம்பள, அந்தாளு குடுத்து வச்சவன் என்று சொன்னார்கள்.

"நான் சொல்லுதது நெசம்," என்றாள் வெள்ளைத்தாய். "மருந்து மாத்திரை காட்டட்டுமா?"

"நெசந்தான் மதினி, நெசந்தான். யாரு இல்லன்னா?"

வெள்ளைத்தாய் தொப்பென்று உட்கார்ந்தாள். சொல்லிச் சொல்லி நம்பாமல் போனால் நெஞ்சுக்குள் எப்படி அடைக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் தவசிமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீய. ஒங்களுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஊரு நம்பாததுல எனக்கு ஒண்ணுமில்லட்டி. அவிய என்னைக்கு எதை நம்புனாவ? நீ கிட்ட வந்து வந்து மோந்து பாத்தியே, அதுதான் தாங்க முடியல."

வெள்ளைத்தாய்க்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் இத்தனை கண் பார்க்கும்போது புருசன் கையைப் பிடிக்கிற வழக்கம் அவள் ஊரில் யாருக்கும் கிடையாது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள் கருத்தம்மா பக்கத்தில் இருந்தவளிடம். "தள்ளாடாம இருக்கப் பிடிச்சுக்கிட்டு வாரா."

அது காதில் விழுந்தும் வெள்ளைத்தாய் கையை விடவில்லை.